துணை இயக்குநருக்கு ஒரு ஸ்ட்ராபெரி பை

செம்மேட்டில் எந்தக் கடையிலும் கார்ன்ஃப்ளார் கிடைக்கவில்லை.

முதல் கடைக்காரர் அப்படி ஒரு சரக்கைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார். இரண்டாவது கடைக்காரர் கேள்விப்பட்டிருந்தார். சோள மாவுதானே, மாட்டுக்கா கோழிக்கா என்று விசாரித்தார். மூன்றாவது கடை செல்லமுத்துவுடையது. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் பழக்கம் அவருக்கு இல்லை. எதற்கு என்று கேட்டார். பழச்சாற்றைக் கெட்டியாக்குவதற்கு என்றார் பெஞ்சமின்.

"கெட்டியாகோணும், அவ்வளவுதானுங்களே?" செல்லமுத்து உள்ளே போய் ஒரு பொட்டலத்தோடு வந்தார். "மரவள்ளி மாவுங்க. நம்ம மலைக் கிழங்குதான் கீழ மில்லுக்குப் போய் மாவாத் திரும்பி வந்திருக்குது. கெட்டியாகறதுல இதை அடிச்சுக்க ஆளில்லீங்க."

பெஞ்சமின் அரைக் கிலோ வாங்கினார். கூடவே ஒரு கிலோ மைதா, ஒரு கிலோ சர்க்கரை. வெண்ணெய், நாமக்கல்லிலிருந்து காலைப் பேருந்தில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி வந்துகொண்டிருந்தது.

பெஞ்சமின் இந்த மலையில் உதவித் தோட்டக்கலை அலுவலர். வயது முப்பத்தைந்து. ஊர் திண்டுக்கல். அதுவரை அவர் அடுப்பில் செய்து பார்த்த பதார்த்தங்கள் மூன்று: டீ, ஆம்லெட், எலுமிச்சை சாதம். நான்காவதாக, வெள்ளிக்கிழமைக்குள், ஸ்ட்ராபெரி பை செய்தாக வேண்டியிருந்தது. அன்று புதன்கிழமை.

தகவல் முந்தின நாள்தான் வந்தது. அலுவலகத்தின் பின்னால் உள்ள தண்ணீர்த் தொட்டியில் ஏறி, கிழக்கே திரும்பி நின்றால்தான் போனில் பேச முடியும். பெஞ்சமின் அப்படி நின்றபோது பூபதி அழைத்தார். பூபதி, நாமக்கல்லில் துணை இயக்குநர் ரஞ்சிதாவின் ஜீப் ஓட்டுநர். மேடம் சொல்வதையெல்லாம் கீழே உள்ளவர்களுக்குக் கொண்டு சேர்ப்பதும் அவர்தான்.

"சார், நோட்டீஸ் கட்டு பஸ்ஸுல வந்துருச்சுங்களா?"

வந்துவிட்டது, ஸ்ட்ராபெரி சாகுபடி நோட்டீஸை ஊர் ஊராகக் கொடுத்தும் முடித்தாயிற்று என்றார் பெஞ்சமின்.

"அப்பச் சரிங்க. வெள்ளிக்கிழமை மேடம் மேல வாராங்க. ஸ்ட்ராபெரி பை ரெடியா இருக்கோணுமாம். நல்லா இருந்தாக் கலெக்டருகிட்டக் கொண்டுபோய்க் காட்டறாங்களாம்."

அதற்குமேல் சிக்னல் இல்லை. ஆனால் பெஞ்சமினுக்கு உடனே விளங்கிவிட்டது. ஜனவரியில் மேடம் மகனைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தார். அங்கே ஒரு சாலையோர ஓட்டலில் சிவப்பு ரெக்ஸின் பெஞ்சில் உட்கார்ந்து எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார். அவருக்கு முன்னால் தட்டில், ஒரு மாவுக் கிண்ணம் நிறைய முழு ஸ்ட்ராபெரிப் பழங்கள் குவிந்திருந்தன. அவற்றின் மேல் கண்ணாடிபோலச் சிவப்புப் பாகு மினுங்கியது. 'ஸ்ட்ராபெரி பை, மறக்கவே முடியாது' என்று எழுதியிருந்தார். மாவட்டத்தில் இருந்த எல்லா அலுவலர்களையும் போலப் பெஞ்சமினும் அந்தப் படத்துக்குக் கைகூப்பியிருந்தார்.

அதோடு, துறைக் கூட்டங்களில் மேடம் அதிகம் உச்சரிக்கும் சொல் 'மதிப்புக் கூட்டுதல்', அதாவது விளைந்ததைப் பண்டமாக்கி விற்பது. திண்ணனூர் நாட்டில் சோதனைக்காகப் போட்ட பத்து சென்ட் ஸ்ட்ராபெரி அந்த மாதம்தான் பழுக்கத் தொடங்கியிருந்தது. இவ்வளவுக்குப் பிறகு சந்தேகப்பட ஒன்றுமில்லை.

மேடத்தின் மனம் குளிர வேண்டிய காரணம் ஒன்றும் பெஞ்சமினிடம் இருந்தது. அவர் மலைக்கு வந்து மூன்றாவது வருடம். மனைவி ஸ்டெல்லா திண்டுக்கல்லில் ஆசிரியை. ஒன்றரை வயது மகன் போனை 'அப்பா' என்று அழைக்கக் கற்றிருந்தான். போன மாதம் பெஞ்சமின் நேரில் போய்த் தூக்கியபோது அழுதுவிட்டு, அலமாரியில் இருந்த போனைக் காட்டி "அப்பா, அப்பா" என்றான். இடமாற்ற மனு எழுதி மூன்று மாதமாக மேசையில் இருக்கிறது. துணை இயக்குநர் பரிந்துரைத்து ஒரு கையெழுத்துப் போட்டால் திண்டுக்கல். போடாவிட்டால் இன்னும் ஒரு வருடம் தண்ணீர்த் தொட்டி.

செய்முறையை ஸ்டெல்லா போனில் படித்துச் சொன்னாள். மைதாவையும் வெண்ணெயையும் பிசைந்து, கிண்ணம்போல ஓடு செய்து தனியாகச் சுட வேண்டும். பழத்தை வேகவைக்கக் கூடாது. பச்சையாகவே நிரப்ப வேண்டும். கொஞ்சம் பழத்தை மட்டும் மசித்து, சர்க்கரையும் மாவும் சேர்த்துப் பாகு காய்ச்சி மேலே ஊற்றி ஆறவிட வேண்டும். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது.

"எதுக்கும் நல்லாக் கேட்டுக்கங்க. அவங்க வேற எதையாவது சொல்லியிருக்கப் போறாங்க" என்றாள் ஸ்டெல்லா.

படத்தையே பார்த்திருக்கிறேன் என்றார் பெஞ்சமின்.

கடையிலிருந்து அவர் திரும்பியபோது கண்ணாயி வாசலில் காத்திருந்தாள். சோதனைப் பயிர் அவளுடைய நிலத்தில்தான் நடந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பழம் பறித்து, அலுவலகத்தை ஒட்டிய அவருடைய குடியிருப்புக்குக் கொண்டுவந்து எடை போடுவாள். அன்றைக்கு ஒரு கிலோ நானூறு கிராம் இருந்தது.

மேடத்துக்கு ஸ்ட்ராபெரி பை வேண்டுமாம், எல்லாப் பழமும் அதற்குத்தான் என்று பெஞ்சமின் சொன்னார். கண்ணாயி சுற்றும் முற்றும் பார்த்தாள். சுவரில் ஆணியில், சிவப்பாக ஒரு படம் அச்சிட்ட மஞ்சள் துணிப்பை தொங்கியது. நோட்டீஸ் கட்டு வந்த பை. பெஞ்சமின் அதில் வெங்காயம் போட்டு வைத்திருந்தார். கண்ணாயி வெங்காயத்தைத் தரையில் கொட்டிவிட்டுப் பையை உதறி அவரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க சார்."

பெஞ்சமின் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் மனம்விட்டுச் சிரித்தது அந்த ஒரு முறைதான். "இந்தப் பை இல்லக்கா. இது ஏதோ தக்காளி விதைக் கம்பெனிப் பை. மேடம் கேட்டது திங்கிற பை. இங்கிலீஷ்ல அதுக்கும் பைன்னுதான் பேரு."

கண்ணாயி பையைத் திருப்பி ஒரு முறை பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். பிறகு, படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பதுபோல அதை மறுபடி ஆணியில் மாட்டினாள்.

வேலை தொடங்கியது. பெஞ்சமின் ஒரு பழத்தைத் தின்று பார்த்தார். புளித்தது. மேடத்துக்குப் புளிக்கக் கூடாது என்று, அரைக் கிலோ பழத்தைக் காம்பு நீக்கி, வாங்கிவந்த சர்க்கரையில் முக்கால்வாசியை மேலே கொட்டி மூடி வைத்தார். பிறகு ஓட்டுக்கு மாவு பிசைந்தார். வெண்ணெய் கொண்டை ஊசி வளைவுகளில் உருகி எண்ணெயாக வந்திருந்ததால், மாவு சப்பாத்திக்குப் பிசைந்ததுபோல வழவழவென்றாகிவிட்டது. அதை டிபன் தட்டில் பரப்பி, குக்கரின் அடியில் உப்பைக் கொட்டி, அதன்மேல் தட்டை வைத்து மூடினார்.

ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தபோது அடி கருகியிருந்தது. மேல் பச்சையாக இருந்தது. மேற்புறம் வேகட்டும் என்று குப்புறத் திருப்பி வைத்தார். அடுத்த ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கமும் சமமாகிவிட்டன.

கண்ணாயி அதை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தாள். கணீரென்றது.

"ஊட்டுக் கூரையில ஒரு ஓடு ஒடஞ்சு கெடக்குதுங்க சார். அளவு சரியா இருக்கும்" என்றாள்.

வியாழக்கிழமை காலையில் மூடியைத் திறந்தால், சர்க்கரை போட்ட பழமெல்லாம் தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீரிலேயே தொளதொளவென்று மிதந்தது. அரைக் கிலோ போயிற்று. கண்ணாயியின் ஆடு அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பகல் முழுவதும் அலுவலக வாசலை விட்டு நகராமல் நின்றது.

ஓட்டைச் சுடும் பொறுப்பை அன்று கண்ணாயி எடுத்துக்கொண்டாள். அவள் வீட்டு விறகடுப்பில் இரும்புச் சட்டி வைத்து, மூடியின் மேலும் தணலைப் போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வேகும் என்றாள். பெஞ்சமின் ஒப்புக்கொண்டார். அதற்குமுன், இந்த முறை தவறு நேரக்கூடாது என்று தண்ணீர்த் தொட்டியில் ஏறிப் பூபதியை அழைத்தார். பூபதி மேடத்தை வைத்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். பெஞ்சமின் கேட்டதை அவர் பின்னால் திரும்பிக் கேட்டு, பதிலை முன்னால் திரும்பிச் சொன்னார்.

"பை எப்படி இருக்கணும்னு மேடத்துகிட்டக் கொஞ்சம் கேளுங்க பூபதி. எத்தனை வேணும்?"

"ஒண்ணு போதுமாங்க. கலெக்டரு பாத்துச் சரின்னுட்டாருன்னா அப்பறம் ஐந்நூறு பண்ணிக்கலாமாம்."

ஐந்நூறு என்றதும் பெஞ்சமின் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அரைக் கிலோப் பழம் தாங்கோணுமாம். ஓரம் நல்லா மடிச்சிருக்கோணும். போன தடவை கீழ ஒருத்தங்க பண்ணினது ஓரம் பிரிஞ்சு போச்சாம். செவப்பு எடுப்பா இருக்கோணும். மங்கிப்போயிருந்தா நல்லா இருக்காதாம். அப்பறம் மேடம் முக்கியமாச் சொன்னதுங்க, கை..."

அவ்வளவுதான். ஜீப் ஏதோ ஒரு வளைவில் திரும்பியிருக்க வேண்டும்.

கை. பெஞ்சமின் யோசித்தார். உணவு விஷயத்தில் கை என்றால் ஒன்றுதான் இருக்க முடியும்: கை படாமல் செய்ய வேண்டும். அவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்துபோய், அங்கே தெரிந்த செவிலியர் அருணாவிடம் இரண்டு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிவந்தார். ஒரு ஜோடியை அவர் மாட்டிக்கொண்டு இன்னொன்றைக் கண்ணாயியிடம் கொடுத்தார்.

கண்ணாயி அதை மாட்டிக்கொண்டு விரல்களை விரித்துப் பார்த்தாள்.

"ஏனுங்க சார், பிரசவமுங்களா?"

ஆனால் ஓடு நன்றாக வந்தது. சோமாசுக்கு மடிப்பதுபோலக் கண்ணாயி ஓரத்தைச் சுற்றிலும் மடித்து மடித்து அழுத்தியிருந்தாள். ஒரு மடிப்புக்கூடப் பிரியவில்லை. பொன்னிறமாக வெந்திருந்தது. பெஞ்சமின் மனதுக்குள் ஒன்றைக் கழித்துக்கொண்டார். ஓரம் முடிந்தது. இனி அரைக் கிலோவும் சிவப்பும்.

மீதி இருந்த தொள்ளாயிரம் கிராமில் நல்ல பழமாக அரைக் கிலோவை எடுத்து ஓட்டில் அடுக்க வைத்துக்கொண்டார். மற்றதை மசித்துப் பாகுக்கு அடுப்பில் ஏற்றினார். அப்போதுதான் சர்க்கரையில் முக்கால்வாசியை ஆடு குடித்துவிட்டது நினைவுக்கு வந்தது. கண்ணாயி வீட்டில் வெல்லம் இருந்தது. வெல்லம் போட்டதும் பாகு இனித்தது. அதோடு பழுப்பாகவும் ஆகிவிட்டது.

"கறிக்கொழம்பு மாதிரி நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள் கண்ணாயி.

சிவப்பு எடுப்பாக இருக்க வேண்டும். பெஞ்சமின் இரண்டு பீட்ரூட்டைத் துருவிப் போட்டார். பாகு சிவந்தது. அதோடு நீர்த்தும் போனது. செல்லமுத்துவின் மரவள்ளி மாவை ஒரு கரண்டி போட்டார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு கரண்டி. அப்போதும் ஆகவில்லை. மூன்றாவது கரண்டியைப் போட்டுத் திரும்பி உப்பு ஜாடியை நகர்த்தி வைப்பதற்குள் பாகு கெட்டியாகிவிட்டது. கரண்டி நடுவில் தானாக நின்றது. பெஞ்சமின் அதை இழுத்தபோது பாத்திரமும் சேர்ந்து அடுப்பிலிருந்து எழும்பியது.

செல்லமுத்து பொய் சொல்லவில்லை.

தண்ணீர் ஊற்றினார். கட்டி கட்டியாகப் பிரிந்தது. கட்டி கரையட்டும் என்று கொதிக்கவிட்டார். கொதித்து அது பொங்கியது. பெரிய பாத்திரத்துக்கு மாற்றினார். இப்போது நிறம் வெளுத்திருந்தது. மூன்றாவது பீட்ரூட் போயிற்று. கண்ணாடிபோல மினுங்க வேண்டிய பாகு, நார்களும் கட்டிகளுமாக, கல்யாணப் போஸ்டர் ஒட்டக் காய்ச்சியதுபோல இருந்தது. சாயங்காலம் நெருங்கியது. இனி மசிக்க ஒரு பழம்கூட இல்லை. செடியில் மிச்சமிருந்த ஏழெட்டுச் சிவந்த பழங்களையும் கண்ணாயி பறித்துவந்து போட்டுவிட்டாள்.

வடிகட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று பெஞ்சமினுக்குத் தோன்றியது. டீ வடிகட்டி முதல் கரண்டியிலேயே அடைத்துக்கொண்டு காது முறிந்தது. துண்டு பஞ்சு விடும். வேட்டி புதியது, நாளைக்குக் கட்ட வேண்டும். கண்ணில் பட்டது ஆணியில் தொங்கிய மஞ்சள் துணிப்பை. கெட்டித் துணி, நெருக்கமான நெசவு. இரண்டு முறை அலசினார்கள். வெங்காய வாசனை முக்கால்வாசி போயிற்று. பெஞ்சமின் பையின் இரண்டு காதுகளையும் விரித்துப் பிடிக்க, கண்ணாயி சூடான பாகை அதில் ஊற்றினாள். பிறகு பழந்துணி பிழிவதுபோல இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து எதிரெதிராகத் திருகினார்கள்.

அடியில் வைத்திருந்த கிண்ணத்தில் பாகு இறங்கியது. ஒரு கட்டி இல்லை, ஒரு நார் இல்லை. மாணிக்கக் கல்லைக் கரைத்து ஊற்றியதுபோலச் சிவப்பாக, தெளிவாக, மெதுவாக இறங்கியது. பெஞ்சமின் அதை அடுக்கிய பழங்களின் மேல் ஊற்றினார். அரைக் கிலோவையும் ஓடு தாங்கிக்கொண்டது. மலைக் குளிரே குளிர்பெட்டியாக இருந்ததால், பாகு அசையாமல் இறுகியது.

அவர் போனில் மேடத்தின் அமெரிக்கப் படத்தை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஏறி, இரண்டு படங்களையும் ஸ்டெல்லாவுக்கு அனுப்பினார். எது நீங்கள் செய்தது என்று அவள் கேட்டாள். மூன்று வருடத்தில் அவர் மனைவியிடமிருந்து பெற்ற மிகப் பெரிய பாராட்டு அது.

கண்ணாயி பையை உதறி வேலியில் காயப்போட்டாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. துணை இயக்குநர் ரஞ்சிதா அதிகம் பேசாதவர். பேசினால் கேள்வியாகத்தான் இருக்கும். முதலில் வயலைப் பார்க்க வேண்டும் என்றார். பத்து சென்ட்டையும் வரப்பு வரப்பாக நடந்து பார்த்தார். பச்சைக் காய்கள் இருந்தன, பூ இருந்தது, இலைகள் நன்றாக இருந்தன.

"பெஞ்சமின், ஒரு பழம்கூட இல்லையே?"

"மதிப்புக் கூட்டிட்டோம் மேடம்."

மேடம் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு தலையை அசைத்துவிட்டு அலுவலகத்துக்கு நடந்தார்.

மேசையில் வெள்ளைத் துண்டு விரித்து, அதன் நடுவில் பை இருந்தது. பக்கத்தில் இடமாற்ற மனு. பெஞ்சமின் கையுறை மாட்டிக்கொண்டு கத்தியை எடுத்தார். துண்டு சரியாமல் நிமிர்ந்து வந்தது. பழங்களின் குறுக்குவெட்டு வெள்ளையும் சிவப்புமாகத் தெரிந்தது. மேடம் முதல் வாயை மென்றார். எல்லோரும் காத்திருந்தார்கள். வாசலில் ஆடும் காத்திருந்தது.

"இதை யார் செஞ்சது?"

பெஞ்சமின் தானும் கண்ணாயியும் என்றார். கண்ணாயி கதவோரம் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள், கும்பிட்டாள்.

"நான் அங்க சாப்பிட்டதைவிட நல்லா இருக்கு. பாகுக்கு என்ன போட்டீங்க? ஏதோ ஒரு வாசனை வருது. பழக்கப்பட்ட வாசனை, ஆனா சொல்லத் தெரியல."

நம்ம மலை மண் வாசனை மேடம் என்றார் பெஞ்சமின். வெங்காயம் என்று சொல்ல அவர் நாக்கு எழவில்லை.

மேடம் இரண்டாவது துண்டையும் முடித்தார். பூபதியும் இரண்டு சாப்பிட்டார். மேடம் கை துடைத்துக்கொண்டு மனுவை எடுத்துப் படித்தார். குழந்தை பற்றிய பத்தியை இரண்டு முறை படித்ததாகப் பெஞ்சமினுக்குத் தோன்றியது. எதிர்பாராமல் ஒருத்தர் இவ்வளவு சிரத்தை எடுத்துச் செய்வது துறையில் அபூர்வம், இப்படி ஒரு ஆளைக் கீழே அனுப்ப மனசு வரவில்லை, ஆனாலும் குழந்தை இருக்கிறது என்று சொல்லி, பேனாவைத் திறந்தார். 'பரிந்துரைக்கிறேன்' என்று எழுதினார். கையெழுத்துப் போடும் இடத்துக்குப் பேனா வந்து நின்றது.

"சரி, நேரமாச்சு. பையை எடுத்துட்டு வாங்க. அதையும் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டுக் கிளம்பறேன்."

பெஞ்சமின் மீதிப் பாதியை மேடத்தின் பக்கம் நகர்த்தினார். கலெக்டருக்கு டப்பாவில் வைத்துத் தருவதாகச் சொன்னார்.

"இது இருக்கட்டும், தாராளமாக் குடுங்க. நான் சொல்றது ஸ்ட்ராபெரி பை."

"இதுதான் மேடம்."

மேடம் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் தலையை மட்டும் திருப்பினார். "பூபதி, நீங்க சார்கிட்ட என்ன சொன்னீங்க?"

பூபதி விரல் விட்டு எண்ணிச் சொன்னார். அரைக் கிலோப் பழம் தாங்க வேண்டும் என்று சொன்னேன் என்றார். பெஞ்சமின் தட்டைக் காட்டித் தலையாட்டினார். ஓரம் மடித்திருக்க வேண்டும் என்று சொன்னேன் என்றார். பெஞ்சமின் கண்ணாயியின் சோமாசு மடிப்பைக் காட்டினார். சிவப்பு எடுப்பாக என்றார். அதைக் காட்டவே வேண்டியிருக்கவில்லை.

"அப்பறம் முக்கியமாச் சொன்னனுங்க மேடம். கைப்பிடி கெட்டியாத் தெச்சிருக்குதான்னு இழுத்துப் பாக்கச் சொன்னேன்."

பெஞ்சமின் தட்டைப் பார்த்தார். அதில் கைப்பிடி இல்லை.

"பழம் போட்டு விக்கறதுக்கு மாதிரியாத் தெச்ச பை, நோட்டீஸ் கட்டோட அனுப்பினேனே, அது எங்க?" என்றார் மேடம். கண்ணாயி துடைத்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள். வேலியிலிருந்து எதையோ பிய்த்து எடுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து மேசை மேல் வைத்தாள். மரவள்ளிக் கஞ்சியில் தோய்ந்து காய்ந்த அந்தத் துணி, மடியாமல், சாயாமல், இரண்டு காதுகளையும் தூக்கிக்கொண்டு தானாக நின்றது. மஞ்சளாக இருந்ததெல்லாம் பீட்ரூட் சிவப்பு. படம் இருந்த இடத்தில் பச்சைக் காம்பு மட்டும் தெரிந்தது.

மேடம் பேனாவை மூடினார்.

"இந்தப் பைதானுங்களே அம்மா?" என்றாள் கண்ணாயி. "புதங்கெழமையே எடுத்து நீட்டினனுங்க. நம்ம பழத்தைத்தான் படம் போட்டிருக்குதுன்னு எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சுதுங்க, சாருதான் தக்காளின்னுட்டாரு."